ஆறு சக்கர வாகனம்: ஆசைப்படுவோர் அறிய வேண்டியவை

ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமும், 544 குதிரைச் சக்தி தரும் எட்டு சிலிண்டர் எஞ்சினும், 37 அங்குல டயர்களும், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 46 சென்டிமீட்டர் இடைவெளியும் கொண்டு, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரையும் கடந்து செல்லும் வல்லமையோடு, மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2013 முதல் 2015 வரை நூற்றுக்குச் சற்று அதிகமான எண்ணிக்கையில் மட்டுமே செய்து விற்ற ஜி63 ஏ.எம்.ஜி. சிக்ஸ் பை சிக்ஸ் என்னும் வாகனம், பாலைவனத்து மணல்மேட்டில் ஏறுகிற காட்சியைக் காணும் இளைஞனுக்கு அதன்மீது மோகம் பிறப்பது இயல்பே. அந்த மோகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும், அத்தகைய வாகனத்தை வாங்க வசதியில்லாதவர்கள், தம்மிடமுள்ள ஜீப்பையோ பிக்கப்பையோ பட்டறையில் விட்டு, சேஸிஸை வெட்டி நீட்டி, பின்னால் இன்னும் ஓர் அச்சைச் சேர்த்து, ஆறு சக்கர வாகனமாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் தேசத்திலும் தலைகாட்டியிருப்பதால், அதனால் விளையும் அபாயங்களையும், அதுபற்றிச் சட்டம் சொல்வதையும், ஏமாந்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் உள்ள பரிகாரங்களையும் விவரமாக எடுத்துரைப்பது அவசியமாகிறது.

ஆறு சக்கரங்கள் ஆடம்பரத்துக்காகத் தோன்றியவையல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் தளவாடங்களைச் சுமந்து சென்ற ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரிகள், மூன்று அச்சுகளுக்கும் எஞ்சினின் சக்தி செல்லுமாறு அமைக்கப்பட்டு, ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாயின. நம் ராணுவத்துக்காகச் சென்னையின் அசோக் லேலண்ட் செய்யும் சூப்பர் ஸ்டாலியன் லாரியும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. மேற்சொன்ன மெர்சிடிஸ் வாகனமுங்கூட, ஆஸ்திரேலிய ராணுவத்துக்கென்று வடிவமைத்த ஆறு சக்கர வண்டியை ஆதாரமாகக் கொண்டு பிறந்ததுதான். பாதை என்று ஒன்று இல்லாத சேற்றிலும் மணலிலும், பெருஞ்சுமையைப் பல சக்கரங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தால் எந்த ஒரு சக்கரமும் ஆழமாகப் புதையாது என்பதே இவற்றின் தத்துவம்.

அந்தத் தத்துவம் சொகுசு வாகனத்தில் என்னவாகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். அக்காலத்து நான்கு சக்கர ஜி63-இன் எடை ஏறக்குறைய 2,550 கிலோ. ஆறு சக்கர வாகனத்தின் எடையோ ஏறக்குறைய 3,800 கிலோ. வகுத்துப் பார்த்தால், இரண்டிலும் ஒவ்வொரு சக்கரத்தின்மேல் விழும் பாரம் 635 கிலோவை ஒட்டியே நிற்கிறது. கூடுதல் சக்கரங்களால் கிடைத்த அனுகூலத்தை அவற்றைச் சேர்ப்பதற்கு வேண்டிய கூடுதல் இரும்பே விழுங்கிவிடுகிறது. அகன்ற டயர்களும், ஓட்டுநர் தம் இருக்கையை விட்டு எழாமலே அவற்றில் காற்றை இறக்கவும் ஏற்றவும் உதவும் சாதனமும், ஐந்து டிஃபரென்ஷியல் பூட்டுகளும், சக்கரத்தின் மையத்தைக் காட்டிலும் உயரத்தில் அச்சை நிறுத்தும் போர்ட்டல் அமைப்பும் ஒருங்கே சேர்ந்திருப்பதனால்தான் அவ்வாகனம் மணலில் அத்தனை சுலபமாகச் செல்கிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,450 கிலோ. ஆகவே, ஆட்களையும் சேர்த்து அது ஏற்றக்கூடிய சுமை ஏறக்குறைய 650 கிலோதான். நம் ஊர்ச் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும், ஜனங்கள் பிரியத்தோடு குட்டியானை என்று அழைக்கும் டாடா ஏஸ், ஏறக்குறைய 750 கிலோ சுமக்கிறது.

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணக் கார் லைசென்ஸ் 3,500 கிலோ வரையுள்ள வாகனத்துக்கே செல்லும் என்பதால், நாலரை லட்சம் யூரோ அளவுக்கு விலை கொடுத்து அதை வாங்கிய ஜெர்மானியச் செல்வந்தரும், ஓட்டுவதற்கு மேல்வகுப்பு லைசென்ஸ் வைத்திருந்தாக வேண்டும். நம் நாட்டில் 7,500 கிலோ வரையுள்ளவை இலகுரக வாகனங்கள் என்ற வரையறை இருப்பதால், நீண்டு கனத்த வாகனத்தைச் செலுத்துவதற்கென்று தனியாகப் பயின்று தேறவேண்டிய கட்டாயம் இல்லை. சட்டம் கேட்காத அந்தப் பயிற்சியை ஓட்டுகிறவர் தாமே முயன்று பெறுவதுதான் விவேகம்.

பட்டறையில் நடக்கும் மாற்றத்துக்கு வருவோம். சேஸிஸை வெட்டி வெல்டிங் வைத்து நீட்டும்போது, ஒட்டிய இடத்தையடுத்த உலோகம் சூட்டினால் தன் குணம் மாறி, நாளடைவில் குலுக்கலிலும் சுமையிலும் விரிசல் விடக்கூடும். நான்கு சக்கரங்களுக்கென்று அளவிட்டுச் செய்த பிரேக் அமைப்பில் மேலும் இரண்டைக் கோத்தால், மிதித்த அழுத்தம் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு போகும் என்பது நிச்சயமற்றதாகிவிடுகிறது. வழுக்கலைத் தடுக்கும் ஏ.பி.எஸ். போன்ற சாதனங்களும் பழைய நீளத்தையும் பழைய எடையையும் மனத்திற்கொண்டு கணிக்கப்பட்டவையே. செலவைக் குறைக்க விரும்பி, எஞ்சினின் சக்தி செல்லாத வெறும் அச்சு ஒன்றைப் பின்னால் மாட்டிவிடும் பட்டறைகளும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில், இயங்கும் சக்கரங்கள்மேல் இருந்த பாரத்தின் ஒரு பகுதியை இயங்காத சக்கரங்கள் பறித்துக்கொள்வதால், சேற்றில் அது மாற்றத்துக்கு முன்பிருந்ததைக் காட்டிலும் பிடிப்பிழந்து நிற்கும். பெருஞ்செலவு செய்து இருந்த குணத்தையும் இழப்பது இதுவே. உயர்ந்த முன்பாகத்தின் மறைவில் சிறு குழந்தை நின்றால் ஓட்டுபவர் கண்ணுக்குப் படாது என்பதையும், பள்ளிக்கூட வாசல்கள் நிறைந்த நம் தெருக்களை நினைத்து, அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் வேற்றுமை உண்டாகும்படி உரிமையாளர் தம் வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. அச்சுகளின் இடைத்தூரமும் வெற்று எடையும் ஆர்.சி. புத்தகத்தில் பதியப்படுபவை, மூன்றாவது அச்சு இவ்விரண்டையும் மாற்றாமல் சேர வழியில்லை. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ஆம் நாள் அளித்த தீர்ப்பு இந்தப் பிரிவின் பொருளை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்தியது. கார்களின் முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக் காவலைக்கூட, இதே பிரிவைக் காட்டித் தடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறதென்றால், ஓர் அச்சையே சேர்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 2019-இல் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வியாபாரி ஆகியோர் செய்தால் ஓராண்டு வரை சிறையும், வாகனம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் வரை போகும்.

சட்டபூர்வமான வழி, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற, அரசு அங்கீகரித்த பரிசோதனை நிலையத்தில் மாதிரி ஒப்புதல் பெற்ற வாகனத்தை உற்பத்தியாளரிடமிருந்தே வாங்குவதுதான். பழைய வாகனமாக ஆறு சக்கர வண்டியொன்று விலைக்கு வந்தால், பணம் கொடுக்குமுன், ஆர்.சி. புத்தகத்திலுள்ள அச்சு இடைத்தூரத்தை அளவுநாடா கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வாவிடில், குற்றத்தின் சுமையையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறீர்கள். முன்னமே மாற்றம் செய்துவிட்டவர்கள், பழைய நிலைக்குத் திருப்பி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிவிடுவது நலம். பதிவை நிறுத்தி வைக்கும் உத்தரவு வருமுன் தம் பக்கத்தைச் சொல்ல அவர்களுக்கு உரிமையுண்டு. உத்தரவு கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம்.

அனுமதி தாமே வாங்கித் தருவதாக வாக்களித்துப் பணம் பெற்ற பட்டறைக்காரரால் ஏமாற்றப்பட்டவர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டாண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ரசீதும், வாக்குறுதி தந்த செய்திகளும் கைவசம் இருப்பது முக்கியம். சட்ட விரோதமென்று தெரிந்தே மாற்றச் சொன்னவருக்கு இந்தப் பரிகாரம் முழுமையாகக் கிட்டும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மாற்றத்தைத் தெரிவிக்காமல் காப்பீடு எடுத்தவரின் சொந்த வாகனச் சேதத்துக்கான கோரிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கக்கூடும். அந்த வாகனத்தால் அடிபட்டவருக்கோ, இறந்துபோனவரின் குடும்பத்துக்கோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுக மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு உரிமை தருகிறது. விவரத்தை மறைத்து எடுத்த காப்பீடு செல்லாதென்று நிறுவனம் அங்கே வாதிக்கலாம்; ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தொகையைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடும் வழக்கமும் இருக்கிறது. ஆகையால் காப்பீட்டு நிறுவனத்தையும் உரிமையாளரையும் சேர்த்தே மனுவில் எதிர்த்தரப்பாக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுவைத் தாக்கல் செய்யலாம். அதற்குச் சட்டம் ஆறு மாதக் கெடுவை வைத்திருப்பதால், மருத்துவமனையில் இருக்கும்போதே உறவினர் ஒருவர் முதல் தகவல் அறிக்கையின் நகலையும், அந்த வாகனத்தின் சக்கரங்களும் பதிவு எண்ணும் தெரியும் புகைப்படத்தையும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும்.