மூட மறுக்கும் விழித்திரைத் துளை

எழுத்தைப் படிப்பதற்கும், எதிரே நிற்பவரின் முகத்தை அறிந்துகொள்வதற்கும், ஊசியில் நூல் கோப்பதற்கும் துணைபுரிவது, விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட் புள்ளியாகும். அதன் மையத்தில் துளை விழுமாயின், பார்க்க விரும்பும் பொருளே மறைந்து, சுற்றியுள்ளவை மட்டும் தெரியும். இத்தகைய துளை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அகலங்கூட இருப்பதில்லை.

அறுபது வயதை ஒட்டியவர்களிடமும், அவர்களுள்ளும் பெண்களிடமும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. கண்ணின் உட்குழியை நிரப்பியுள்ள விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழ்ப்பொருள், முதுமையில் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுகிறது. மஞ்சட் புள்ளியை மட்டும் விடாது பற்றி இழுக்குமாயின், அங்குள்ள மெல்லிய திசு பிளந்து துளையாகிறது. இவ்விழுவிசையின் பங்கினை அமெரிக்க நிபுணர் டொனால்டு காஸ் 1988ஆம் ஆண்டில் விளக்கினார்.

அதுவரை தீராதது எனக் கருதப்பட்ட இக்குறைக்கு, 1991ஆம் ஆண்டில் கெல்லி, வெண்டல் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் வழி கண்டனர். விட்ரியஸை அகற்றிக் கண்ணினுள் வாயுவை நிரப்பி, நோயாளியை முகங்கவிழ்ந்திருக்கச் செய்தனர். வாயுக் குமிழி மேலெழுந்து துளையின்மீது அழுந்தி நின்றது. 52 கண்களுள் 30இல் துளை மூடியது. பின்னர், விழித்திரையின்மேல் படிந்துள்ள உள்ளெல்லைச் சவ்வைச் சாயமேற்றி உரிக்கும் முறையும் சேர்ந்தது. இன்று பத்தில் ஏறத்தாழ ஒன்பது துளைகள் முதற் சிகிச்சையிலேயே மூடிவிடுகின்றன.

எஞ்சியவையே பிடிவாதமானவை. 400 மைக்ரானுக்கு மேல் அகன்றவை, நெடுநாள் பட்டவை, கடுமையான கிட்டப்பார்வை உள்ள கண்ணில் தோன்றியவை ஆகியன எளிதில் மூடுவதில்லை. இழுவிசையை நீக்கினாலும் இவற்றின் விளிம்புகள் ஒன்றையொன்று எட்டுவதில்லை. ஆதலின் இடைவெளிக்கு ஒரு பாலம் தேவையாயிற்று. போலந்தின் மிகலேவ்ஸ்கா குழுவினர், சவ்வை முற்றிலும் நீக்காமல், துளையின் விளிம்பில் ஒட்டியிருக்கவிட்டு, அதையே மடித்துத் துளையின்மேல் கவிழ்த்தனர். 2010ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வில், பெருந்துளைகளுள் 98 விழுக்காடு மூடின. பழைய முறையிலோ 88 விழுக்காடே மூடின. இச்சவ்வைப் பற்றியே உயிரணுக்கள் பரவித் துளையை இணைக்கின்றன.

முன்னரே சவ்வு உரிக்கப்பட்ட கண்ணில் இம்முறைக்கு இடமில்லை. அத்தகைய கண்ணில், சவ்வின் சிறு துண்டொன்றை வேறிடத்திலிருந்து எடுத்து வைக்கின்றனர். அல்லது மகப்பேற்றின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வைப் பயன்படுத்துகின்றனர். நோயாளியின் விழித்திரை ஓரத்திலிருந்தே ஒரு துண்டை வெட்டித் துளையில் பொருத்தும் முறையை, அமெரிக்காவில் மஹ்மூத் குழுவினர் 2016ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

எனினும், துளை மூடுதல் வேறு. பார்வை மீளுதல் வேறு. 1991ஆம் ஆண்டு ஆய்வில் துளை மூடிய 30 கண்களுள், பார்வை குறிப்பிடத்தக்க அளவு தெளிந்தவை 22 மட்டுமே. ஒளியை உணரும் உயிரணுக்கள் நெடுங்காலம் சிதைந்துவிடின், எந்தப் பாலமும் அவற்றை முற்றிலும் மீட்பதில்லை. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைத்துவிடுவதால், பலர் காலந்தாழ்த்தியே மருத்துவரை அடைகின்றனர். ஆகவே முதியோர் அவ்வப்போது ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தல் நலம். கதவின் நேர்விளிம்பு வளைந்து தோன்றினாலோ, எழுத்தின் நடுப்பகுதி மறைந்தாலோ, தாமதியாது கண் மருத்துவரை நாடுதல் வேண்டும்.