கணவாய்க்குக் கணக்கு எழுதும் கடல்

ஓராண்டு ஆயுள், ஒரே ஒரு முட்டைப் பருவம். தண்ணீர் மாறினால் வலையும் மாறுகிறது.

கேரள எல்லையில், மலையடிவாரத்தில் இருக்கிறது வெள்ளறடை. கடல் கண்ணுக்கு எட்டாது. மீன் மட்டும் பொழியூர், விழிஞ்ஞம் பக்கத்திலிருந்து ஏறி வரும். அதில் கணவாய் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது வியாபாரி அல்ல, கடலடித் தண்ணீர்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குகிறது. அந்த இடத்துக்கு ஆழத்துக் குளிர்நீர் ஏறி வருகிறது. சத்து நிறைந்த நீர். நுண்பாசி செழிக்க, நெத்தலியும் சாளையும் கூடுகின்றன. அவற்றைத் தின்னக் கணவாய் வருகிறது. விருந்தோடு ஒரு தொல்லையும் உண்டு. இந்த நீரில் பிராணவாயு குறைவு. மூச்சுமுட்டும் கணவாய் ஆழத்தை விட்டுக் கரைப்பக்கம் ஒதுங்குகிறது. விழிஞ்ஞத்துத் தூண்டில்காரர்களுக்கு அது யோகம். இழுவலை விசைப்படகுகளுக்குக் கேரளத்தில் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை தடை என்பதால் போட்டியும் குறைவு. ஆனால் மழைவெள்ளம் கலந்து உப்பு குறைந்தால் கணவாய் அந்தப் பக்கமே தலைகாட்டாது.

ஊசிக்கணவாய் வாழ்வது ஏறக்குறைய ஓராண்டு. ஓட்டுக்கணவாய்க்கு மிஞ்சினால் இரண்டு. முட்டையிட்டதும் மடிந்துவிடும். கடந்த ஆண்டுச் சேமிப்பு என்று எதுவும் இல்லை. தண்ணீர் சூடேறினால் முட்டை சீக்கிரம் பொரிக்கும், குஞ்சு சிறுத்துவிடும். உலக அளவில் 60 ஆண்டுகளாகக் கணவாய் இனங்கள் பெருகியிருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே காலத்தில்தான் ஜப்பானின் பெயர்பெற்ற சுருமே கணவாய் சரியத் தொடங்கியது. பெருக்கத்தை நம்பிக் கடன் வாங்கிப் படகு கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

கடல் செய்வது போதாதென்று மனிதர் கைவரிசையும் சேர்கிறது. குளச்சல் பக்கத்து மீனவர்கள் கர்நாடகக் கடலில் ஒரு உத்தியைக் கொண்டுபோனார்கள். காய் பறித்த தென்னங்குலைகளைக் கட்டி, மணல்மூட்டை பாரத்தோடு கடலடியில் இறக்குவது. முட்டை ஒட்ட இடம் தேடும் ஓட்டுக்கணவாய் அங்கே கூடும். தூண்டில் போட்டால் பெரிது பெரிதாக ஏறும். இழுவலைக்காரர்களோடு தகராறும் மூண்டது, குலைகள் வலையில் சிக்குவதால்.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளின் கவலை வேறு. பிடிபடுபவை பெரும்பாலும் முட்டையிட வந்த கணவாய்கள். மழை ஓய்ந்த பிறகு நடக்கும் இந்தப் பிடிப்பை ஜூன்–ஜூலைத் தடை தொடுவதில்லை. குலை வலையில் ஏறும்போது அதில் திராட்சைக் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளும் கூடவே ஏறுகின்றன. அவற்றை யாரும் எடை போடுவதில்லை.