“இதைச் சரிபண்ண முடியுமா டாக்டர்?”

“பையன் கல்யாணமே வேண்டாம்கிறான். ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்புன்னு சொல்றான். இதைச் சரிபண்ண முடியுமா டாக்டர்?”

மனநல மருத்துவரிடம் பெற்றோர் கொண்டுவரும் கேள்வி இது. பெரும்பாலும் மருத்துவரிடம் வருவதற்கு முன்பே வேறு பல வாசல்களுக்குப் போய்விட்டுத்தான் வந்திருப்பார்கள். வட திருநள்ளாறு என்று பெயர்பெற்ற, சென்னை பொழிச்சலூர் அகத்தீஸ்வரர் கோயிலில் சனிக்கிழமை கூடும் கூட்டத்தில், பிள்ளையின் திருமணத் தடை நீங்க வேண்டிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களில் சில வீடுகளில் தடை ஜாதகத்தில் இருக்காது. மகன் வாய்திறந்து சொல்ல முடியாத ஒன்றாக இருக்கும்.

சரிபண்ண அங்கே நோய் எதுவும் இல்லை. அந்தப் பிள்ளையின் உடல்நலம் கெடுவதெல்லாம் சுற்றி இருப்பவர்கள் அவனைப் பார்க்கும் பார்வையால்தான்.

நோய்ப் பட்டியலில் இல்லை

1957-இல் அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் 30 பேர், மற்ற ஆண்கள் 30 பேர். இவர்களின் உளவியல் சோதனைத் தாள்களைப் பெயரில்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். எது யாருடையது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் நீக்கியது. இது மனநோய் அல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமும் சட்டமும் மாறிய பிறகும் தெருவின் மனம் மட்டும் ஏன் மாறவில்லை?

வெறுப்பின் மூன்று வேர்கள்

தன்பாலீர்ப்பு ஆண்கள் மீதான மனப்பான்மையை நீண்ட காலம் ஆராய்ந்தவர் உளவியலாளர் கிரெகரி ஹெரெக். ஒருவர் வைத்திருக்கும் மனப்பான்மை அவருக்கே ஏதோ ஒரு வேலையைச் செய்து தருகிறது என்பது அவர் கருத்து.

முதல் வேர், அனுபவம். தன்பாலீர்ப்பு கொண்டவர் யாரையும் நேரில் தெரியாதபோது சினிமா நகைச்சுவைக் காட்சிகள் அந்த இடத்தை நிரப்புகின்றன. நெளிந்து நடப்பவர், எல்லோர் மேலும் கைபோடுபவர் என்ற பொம்மை மனதில் பதிந்துவிடுகிறது.

இரண்டாவது, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்வது. டீக்கடையில் நண்பர்கள் ஒருவனைக் கேலி செய்யும்போது சிரிக்காமல் நிற்பவன் தனியாகிவிடுவான். அதனால் மனதில் வெறுப்பே இல்லாதவனும் சேர்ந்து சிரிக்கிறான்.

மூன்றாவது, தற்காப்பு. ‘நான் ஆம்பளை’ என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய அழுத்தம் ஆண்களுக்கு அதிகம். தன்பாலீர்ப்புப் பெண்களைவிட ஆண்கள் மீதுதான் ஆண்களின் வெறுப்பு கடுமையாக இருக்கிறது என்பதை ஹெரெக்கின் ஆய்வுகள் காட்டின.

நீதிபதி கற்றுக்கொண்ட பாடம்

மனப்பான்மை மாறும் என்பதற்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே சான்று இருக்கிறது. 2021-இல் மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காவல்துறையில் புகார் கொடுக்க, பெண்கள் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்தை நாடினார்கள்.

வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தனக்கே தெளிவு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் வித்யா தினகரனிடம் தானே அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தார். நம்மிடமிருந்து வேறுபட்ட குழுவினரை நேரில் அறிவது வெறுப்பைக் குறைக்கும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதியிருந்தார். சரியான சூழலில் பழகினால் அது நடக்கிறது என்பதைப் பின்னாளில் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் உறுதிசெய்தன.

உடம்பில் இறங்கும் பாரம்

வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் இதைச் சிறுபான்மையினரின் மன அழுத்தம் என்று விளக்கினார். நேரடியான அவமதிப்பு, அவமதிப்பு வருமோ என்ற எதிர்பார்ப்பு, மறைத்து வாழ்வது, கடைசியில் தன்னைத் தானே வெறுப்பது என்று அது அடுக்கடுக்காக ஏறுகிறது. விளைவாகத் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, குடிப்பழக்கம், தற்கொலை எண்ணம் வரை போகலாம்.

கேலிக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே வராதவர்கள் உண்டு. பால்வினை நோய்ப் பரிசோதனை தள்ளிப்போகிறது. எச்.ஐ.வி. யாருக்கும் வரலாம், சீக்கிரம் தெரிந்து மாத்திரையைத் தவறாமல் எடுத்தால் நீண்ட நாள் வாழலாம். தாமதத்துக்குக் காரணம் வெட்கம் என்றால், அந்த வெட்கத்தை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் நாம்.

‘கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும்’

சரியாகாது. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து சிக்கும். மின்அதிர்ச்சி, ஊசி, மாத்திரை, மந்திரம் எதுவும் ஈர்ப்பை மாற்றாது. மாற்றித் தருவதாகச் சொல்லும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அப்படி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோர் கவனிக்க

* மகன் சொன்ன அன்றே எல்லாம் புரிந்துவிட வேண்டியதில்லை. “சொன்னது நல்லதுப்பா, கொஞ்சம் டைம் குடு” என்றால் போதும்.
* அழுகை, சாபம், ‘செத்துப்போவேன்’ என்ற மிரட்டல் வேண்டாம்.
* அவன் அனுமதி இல்லாமல் சித்தப்பாவிடமோ அத்தையிடமோ சொல்லாதீர்கள்.
* ‘யாருடைய வளர்ப்பில் தப்பு’ என்று கணவனும் மனைவியும் சண்டை போடாதீர்கள். வளர்ப்பால் வருவதல்ல இது.
* உங்கள் கலக்கத்துக்கு நீங்களும் மனநல ஆலோசகரைப் பார்க்கலாம்.

உதவி எங்கே?

* டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104: இரண்டும் இலவசம், எந்நேரமும் அழைக்கலாம்.
* அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். பெயர் ரகசியமாக இருக்கும். சிகிச்சைக்குத் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனை இருக்கிறது.
* சென்னையில் 1998 முதல் இயங்கும் சகோதரன், மற்றும் ஓரினம் ஆகிய அமைப்புகளிடம் இளைஞர்களும் பெற்றோரும் பேசலாம்.

தற்கொலை எண்ணம் இருப்பதாகத் தோன்றினால், ஈர்ப்பைப் பற்றிய விவாதத்தை ஒத்திவையுங்கள். அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து, உடனே 14416-ஐ அழைத்துப் பேசுங்கள்.