ரொட்டிக்குப் பக்கத்தில் என்ன இருந்தது?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பாட்டி சமையல் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது கார்ன்பிரெட். வெள்ளை மக்காச்சோள மாவில் மோரும் சமையல் சோடாவும் கலந்து, பன்றிக் கொழுப்பு விட்டு நன்றாகக் காயவைத்த வார்ப்பிரும்புச் சட்டியில் ஊற்றுவார்கள். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு குமிழ் குமிழாகக் கிளம்பும். உள்ளே மெத்தென்று எழும்பும். இரும்பைத் தொட்ட அடிப்பக்கம் பொன்னிறத்தில் முறுகும். அதில் சர்க்கரை சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

பக்கத்தில் காலர்ட் கீரை இருக்கும். உப்புக்கண்டமாக்கிய பன்றி இறைச்சித் துண்டோடு நெடுநேரம் வெந்தது. கீரை வெந்த சாறுக்குப் ‘பாட் லிக்கர்’ என்று தனிப் பெயரே உண்டு. ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். வெண்டைக்காய், காராமணி இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு கடல் தாண்டி அந்த அடுப்படிக்கு வந்தவை.

இந்தச் சமையலை எட்னா லூயிஸ் அளவுக்கு அழகாக எழுதியவர்கள் குறைவு. 1916இல் வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். விடுதலை பெற்ற அடிமைகள் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அவர்களில் ஒருவர் அவருடைய தாத்தா. 1976இல் வந்த ‘தி டேஸ்ட் ஆஃப் கன்ட்ரி குக்கிங்’ நூலில் குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாட்டைப் பருவம் பருவமாகச் சொல்கிறார். அளவுக் கரண்டி இல்லாத அந்த வீட்டில் பேக்கிங் பவுடரைக் காசுகளின் மேல் குவித்து அளந்தார்கள். தோட்டத்துக் காய், கறவை மாடு, கோழி, அறுத்துப் பதப்படுத்திய பன்றி எல்லாம் சொந்தம்.

அவர் பிறந்த அதே காலத்தில், அதே தெற்கில், அதே மக்காச்சோள ரொட்டியைத் தின்று ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் தெற்கின் சமையலைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நோயின் பெயர் பெலாக்ரா. வெயில் படும் இடங்களில் தோல் சிவந்து, கறுத்து, உரியும். கழுத்தைச் சுற்றி அட்டிகை போட்டதுபோல் ஒரு வளையம் தோன்றும். வயிற்றுப்போக்கு வரும், பிறகு புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. 1906இல் அலபாமாவின் மவுன்ட் வெர்னன் மனநல மருத்துவமனையில் 88 பேருக்கு இது கண்டது. பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1940 வரை நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டு, 1 லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பகுதி தெற்கில்.

தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914இல் இதை ஆராயப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பியது. விடுதிகளுக்கும் மனநல மருத்துவமனைகளுக்கும் போனவர் ஒன்றைக் கவனித்தார்: உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களைத் தொட்டுக் கவனிக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்று என்றால் ஆள் பார்த்தா ஒட்டும்? ஜாக்சன் நகரின் அநாதை விடுதிகளில் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுக்கச் செய்தார். நோய் மறைந்தது.

பிறகு நேர்மாறான சோதனை. 1915இல் மிசிசிப்பியின் ரான்கின் சிறைப்பண்ணையில் கைதிகள் 12 பேர், விடுதலை கிடைக்கும் என்ற உறுதியின் பேரில் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் நடுவில் விலகினார். அவர்களுக்குப் போட்ட சாப்பாடு: பிஸ்கெட் ரொட்டி, கிரிட்ஸ், மக்காச்சோளக் கூழ், கார்ன்பிரெட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காலர்ட் கீரை, சோறு, கரும்புப் பாகு, காபி. சில மாதங்களில் 11 பேரில் 6 பேருக்கு பெலாக்ராவின் அறிகுறி தெரிந்தது. இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் ஏக்கத்தோடு பேசும் பண்டங்கள்தாம் அந்தப் பட்டியலில் பாதி. இல்லாமல் போனவை பாலும் இறைச்சியும் பயறும். அப்படியும் நம்பாதவர்களுக்காக, 1916இல் நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார் கோல்ட்பெர்கர். அவர் மனைவி மேரியும் ஏற்றிக்கொண்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

மக்காச்சோளத்தில் அப்படி என்ன குறை? 1937இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஹெம் விடை கண்டார்: பி வகை வைட்டமினான நியாசின். மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பெரும்பகுதி மாவுப்பொருளோடு பிணைந்து கிடப்பதால் குடலால் உறிஞ்ச முடியாது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடைத்தால் உடல் தானே நியாசினைச் செய்துகொள்ளும். சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோஃபானுக்கு 1 மில்லிகிராம் நியாசின். மக்காச்சோளப் புரதத்தில் அதுவும் குறைவு. பாலிலும் பயறிலும் முட்டையிலும் அது இருக்கிறது.

அந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி, சாக்டா மக்கள் மக்காச்சோள மணியை மரச் சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்துத் தோல் நீக்கி உண்டார்கள். அதுதான் ஹாமினி. சாம்பல் நீரின் காரம் பட்டதும் பிணைப்பு அறுந்து நியாசின் விடுபடுகிறது. குடியேறிய வெள்ளையர்கள் மக்காச்சோளத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹாமினி செய்யும் வழக்கமும் சில வீடுகளில் இருந்தது. அன்றாட ரொட்டிக்கோ காரம் காணாத உலர்ந்த மாவுதான். போதாக்குறைக்கு, மாவு சிக்கடிக்காமல் நெடுநாள் இருக்க வேண்டுமென்று பெரிய ஆலைகள் முளைப்பகுதியையும் நீக்கின.

ஆனால் குற்றத்தை மாவின் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் குடும்பங்களின் வாசற்படி வரை பருத்திதான் நின்றது. காய்கறிக்கு மண் விடவில்லை. கடனுக்குக் கிடைத்தது மக்காச்சோள மாவு, கொழுப்புத் துண்டு, பாகு. கோல்ட்பெர்கரும் எட்கர் சிடென்ஸ்ட்ரிக்கரும் தென் கரோலினாவின் 7 நூற்பாலைக் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, வருமானம் குறையக் குறைய நோய் ஏறுவது தெளிவாகத் தெரிந்தது. இந்த முடிவைத் தென் மாநில அரசியல்வாதிகள் பலர் தங்கள் மண்ணுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்கள்.

பருத்தியைக் காய்வண்டு தின்று தீர்த்த மாவட்டங்களில் நிலக்கடலையும் உணவுப் பயிர்களும் விளைந்தன, பெலாக்ரா குறைந்தது. நிலக்கடலையில் நியாசின் ஏராளம். அலபாமாவின் என்டர்பிரைஸ் ஊரில், விவசாயிகளைக் கடலைக்குத் திருப்பிவிட்ட அந்தப் பூச்சிக்காகவே 1919இல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதே மாநிலத்தின் டஸ்கீகியில் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் காராமணியையும் கடலையையும் ஏழை உழவர்களிடம் கொண்டுபோனார். கடலையைச் சமைக்க 105 வழிகளைச் சொல்லும் அவருடைய வெளியீடு 1916இல் வந்தது. அந்த வைட்டமினின் பெயர் தெரியாத காலத்திலேயே தேவையான பயிரை அவர் கையில் எடுத்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. 1940களில் மாவில் நியாசின் சேர்ப்பது பரவியது, நோய் ஒழிந்தது.

நம் பக்கத்திலும் இது நடந்தது. தக்காணத்தில் மக்காச்சோளம் அல்ல, நம் சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைத் தொழிலாளிகளிடம் பெலாக்ரா இருந்தது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலனும் அவருடன் பணியாற்றிய ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் உடல் நியாசினைப் பயன்படுத்துவதைக் கெடுக்கலாம் என்று 1960இல் எழுதினார்கள். லூசினுக்கு அதில் எவ்வளவு பங்கு என்ற விவாதம் பிறகு நெடுநாள் தொடர்ந்தது.