பதினோராயிரம் இருக்கைகளின் கணக்கு

ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் உள்ள ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னர் மைதானம் 1996-இல் திறக்கப்பட்டது. கட்டுமானச் செலவு சுமார் 3 கோடி டாலர். இருக்கைகள் சுமார் 11,000. வகுத்துப் பார்த்தால் ஓர் இருக்கைக்கு 2,700 டாலருக்குச் சற்று மேல். நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் வசந்தகாலப் பயிற்சிக்காகவே கட்டியது. பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச் முடிவதற்குள் அந்தப் பயிற்சி ஆட்டங்கள் முடிந்துவிடும். இந்த மைதானத்துக்குக் கிடைப்பவை ஏறக்குறைய 15.

அதன் பிறகு மைதானம் டாம்பா டார்பன்ஸ் அணியின் கைக்கு வரும். யாங்கீஸின் கீழ்நிலை மைனர் லீக் அணி அது. பருவத்துக்கு 132 ஆட்டங்கள், சொந்த ஊரில் பாதி, அதாவது 66. ஆண்டின் ஆட்டங்களில் ஐந்தில் நான்கு பங்கு, பெயர் தெரியாத இளைஞர்கள் ஆடுபவை. இந்த மைதானத்தை மார்ச் மாதக் கூட்டத்தை வைத்து மட்டும் எடைபோடுவது தவறு என்பேன்.

எல்லைக்கோட்டின் தூரங்களைப் பாருங்கள்: இடப்பக்கம் 318 அடி, நடுவில் 408, வலப்பக்கம் 314. நியூயார்க்கில் இருந்த பழைய யாங்கி ஸ்டேடியத்தின் அதே அளவுகள். இங்கே பழகியவன் மேலே போகும்போது தூரம் புதிதாக இருக்கக் கூடாது என்ற யோசனை அருமையானது. 2014-இல் இங்கே மைனர் லீக் ஆடிய ஆரோன் ஜட்ஜ், 2022-இல் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை முறியடித்தார்.

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் கரையேறியது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், டாம்பா பே ரேஸ் அணி ஆடும் டிராபிகானா ஃபீல்டின் கூரைத் துணி கிழிந்து பறந்தது. 24 பகுதிகளில் 18 போயின. பழுதுபார்க்க நகராட்சி போட்ட மதிப்பீடு 5.57 கோடி டாலர். இடையில் 28 ஆண்டு விலைவாசி ஏற்றம் உண்டுதான். இருந்தாலும் ஸ்டைன்பிரென்னர் மைதானம் முழுவதையும் கட்டிய தொகையைவிட அது அதிகம்.

வீடிழந்த ரேஸ் 2025 பருவத்தை இங்கே ஆடியது. யாங்கீஸின் பெயரும் படமும் இருந்த 3,000-க்கும் மேற்பட்ட பலகைகளை மறைத்தோ மாற்றியோ, மார்ச் 28 அன்று 10,046 பேர் முன்னிலையில் முதல் ஆட்டம். கூரையில்லாத மைதானத்தில் கோடை வெயிலையும் மாலை இடிமழையையும் தவிர்க்க, முதல் 59 ஆட்டங்களில் 47-ஐ இங்கேயே வைத்தார்கள். ஜூலையில் 8, ஆகஸ்டில் 8 மட்டும். பருவம் முழுவதும் வந்தவர்கள் சுமார் 7.87 லட்சம் பேர், ஆட்டத்துக்கு 9,700. முந்தைய ஆண்டு டிராபிகானாவில் வந்தவர்கள் 13.37 லட்சம்; ஆனால் இங்கே பெரும்பாலான ஆட்டங்களில் நாற்காலி காலி இல்லை. ஏப்ரலில் யாங்கீஸ் வந்தபோது, தங்கள் சொந்த மைதானத்தில் விருந்தாளிகளாக ஆடினார்கள்.

பயிற்சி ஆட்டம் 15, ரேஸ் 81, டார்பன்ஸ் 66: கூட்டினால் 162. ஏழு மாதத்தில் ஒரே புல்தரை இத்தனையைச் சுமக்க முடியாது. இடம்விட்டது டார்பன்ஸ். அதே வளாகத்தின் பக்கத்துப் பயிற்சித் திடலுக்குப் போய் ஆடினார்கள்.

அந்தப் பையன்களின் சம்பளக் கணக்கையும் இங்கே எழுதியாக வேண்டும். இந்த நிலை வீரருக்கு 2022 வரை ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 11,000 டாலர். தொழிற்சங்கம் அமைத்து 2023-இல் செய்துகொண்ட முதல் ஒப்பந்தத்தால் அது 26,200 ஆனது. இரு மடங்குக்கும் மேலான உயர்வு, போராடிப் பெற்றது, மனதார வரவேற்கிறேன். 2025-இல் பெரிய மைதானத்துக்கு வந்திறங்கிய மேஜர் லீக் வீரரின் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். இன்னும் 29 மடங்கு இடைவெளி.