பரண் மேல் இருக்கும் லேப்டாப்

சுரண்டை மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கும் நண்பர், டீ சொல்லிவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, மக காலேஜுல ஏதோ என்பிடெல் கோர்ஸ் எடுக்கச் சொல்லுதாவளாம். லேப்டாப் வேணுங்கா. எம்புட்டு ஆவும்?"

விலையை விடுங்கள், முதலில் அது என்ன படிப்பு என்று பார்ப்போம் என்றேன். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்பிடெல். இப்போது அந்தப் பாடங்கள் மத்திய அரசின் சுவயம் தளத்தில் கிடைக்கின்றன. பாடத்தில் சேரக் காசு இல்லை. பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 30 மணி நேர வீடியோ, வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். வாரம் ஒரு அசைன்மென்ட். சான்றிதழ் வேண்டுபவர்கள் மட்டும் 1000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் கம்ப்யூட்டரில் தேர்வு எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75.

அந்த 75-ஐ நினைத்துத்தான் சொல்கிறேன், செல்போன் மட்டும் போதாது. வீடியோ பார்க்க போன் தாராளம். ஆனால் மூன்று மாதமும் விரலால் தடவியே படித்த பிள்ளை, தேர்வன்று மவுஸைப் பிடித்துத் தடுமாறினால் போகிற நிமிடம் அவளுடையது.

சரி, புது லேப்டாப்தான் வேண்டுமா? தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அண்ணனோ சித்தப்பா மகனோ பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது ஒன்று, நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பரண் மேல் பையோடு கிடக்கிறது. "அதெல்லாம் ஓடாது அண்ணாச்சி, ஆன் ஆகவே அரை மணி நேரம் ஆவும்" என்றார் நண்பர். ஆகும்தான். ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் ராம் 2 ஜிபிதான். உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அந்த டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, மாடல் இடம் கொடுத்தால் ராமையும் கூட்டினால் நடை மாறிவிடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பெட்டிகளில் ஏறாது. அதனால் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள். இது ஒன்றும் விநோதமில்லை, அரசு கொடுத்தபோதே அவற்றில் பாஸ் லினக்ஸும் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். புதிதாக வாங்கத்தான் போகிறோம் என்றால் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும்; விற்பவர் அதற்கு மேல் சொல்வதையெல்லாம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வாருங்கள்.

பெட்டியை விடப் பெரிய தொல்லை கோப்புகள். போனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எல்லாம் "வாட்ஸ்அப்ல இருக்கு". டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தால் 'டாக்குமென்ட் 1', 'டாக்குமென்ட் 1 (2)', 'நியூ ஃபைனல்' என்று வரிசையாக நிற்கும். கடைசி நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு எதை ஏற்றுவது? பாடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வாரத்துக்கு ஒன்று, கோப்பின் பெயரில் வார எண். இதைப் பழக ஒரு சாயங்காலம் போதும். கூடவே நகலெடுத்து ஒட்டுவது, பிடிஎஃப் ஆக மாற்றுவது, பிரவுசரில் இரண்டு மூன்று டேப் திறந்து வேலை பார்ப்பது. பத்து விரலாலும் தட்டத் தினம் கால் மணி நேரம். தமிழில் தட்ட தமிழ்99 பழகிவிட்டால் ஆயுசுக்கும் உதவும்.

மின்னஞ்சல் முகவரி பிள்ளையின் பெயரில், பிள்ளையே வைத்துக்கொள்வதாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டரில் யாரோ திறந்து கொடுத்த ஐடி, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்ற கதை நம் ஊரில் ஏராளம். பெயரையும் கவனியுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, விரித்து எழுதியதா என்று ஆதாரும் மார்க் ஷீட்டும் சண்டை போடும். தேர்வுக்குப் பதியும்போது கொடுக்கிற பெயர்தான் சான்றிதழில் அச்சாகும்.

நெட்டுக்குத் தனி இணைப்பு வேண்டியதில்லை. வீடியோவை 480-ல் வைத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் அரை ஜிபி. வாரத்துக்கே ஒன்றரை ஜிபிக்குள் முடியும். அது உங்கள் போனின் ஒருநாள் டேட்டா. ஹாட்ஸ்பாட் போட்டால் லேப்டாப்புக்கு வரும். சுற்றிலும் காற்றாலை சுற்றினாலும் நம் வீட்டில் கரண்ட் போகத்தான் செய்கிறது. அதுவும் ஜூலைப் பருவத்துப் பாடம் தொடங்குவது குற்றாலச் சீசனில், காற்றும் சாரலும் அடிக்கிற நேரம். ஆகவே அசைன்மென்டை இரண்டு நாள் முன்னாலேயே முடித்து ஏற்றிவிட வேண்டும். பன்னிரண்டில் சிறந்த எட்டைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதால் ஒன்றிரண்டு தவறினால் கலங்க வேண்டாம். அம்மா சுளவோடு உட்கார்ந்து பீடி சுற்ற, டிவி ஓட, தம்பி கத்துகிற ஒற்றை அறை வீட்டில் மைக் வைத்த ஹெட்போன் ஒன்று கட்டாயம். என்னைக் கேட்டால் முதல் செலவு அதுதான் என்பேன்.

பெயர் கொடுக்கக் கட்டணமில்லை. பணம் கட்டுவது பிறகு, தேர்வுக்குத்தான். அதனால் மகளை இன்றைக்கே சேரச் சொல்லுங்கள், பரணில் இருப்பதை இறக்கித் தூசி தட்டுங்கள். முதல் நான்கு வாரம் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் போதவில்லை என்றால் புதுசு வாங்குங்கள்.