மக்காவை விட்டு நகராத கலீஃபா

கி.பி. 683 நவம்பர். மக்காவை முற்றுகையிட்டிருந்த சிரியப் படைக்கு டமாஸ்கஸிலிருந்து செய்தி வந்தது: கலீஃபா யஸீத் இறந்துவிட்டார். இனி யாருக்காகப் போரிடுவது? எதிரியையே கூப்பிட்டுப் பேசினார் சிரியத் தளபதி. பழைய ரத்தக்கணக்கை மறந்து சிரியாவுக்குக் கிளம்பி வந்தால், உங்களையே கலீஃபாவாக ஏற்கிறோம் என்றார்.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் மறுத்துவிட்டார். அரசியலில் இதைவிடப் பெரிய பிழை அவர் வாழ்வில் இல்லை.

சாதாரண வீட்டுப் பிள்ளையல்ல அவர். முதல் கலீஃபா அபூபக்கரின் பேரன். நபிகளாரின் துணைவி ஆயிஷாவுக்கு அக்காள் மகன். மதீனாவுக்குக் குடிபெயர்ந்த மக்கா முஸ்லிம்களுக்கு அங்கே பிறந்த முதல் குழந்தை. யஸீதுக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ய மறுத்து மக்காவில் தங்கியவர், யஸீதின் மரணத்துக்குப் பின் தன்னைக் கலீஃபாவாக அறிவித்தார். ஹிஜாஸ், இராக், எகிப்து எல்லாம் அவரை ஏற்றன. சிரியாவிலேயே பாதிப்பேர் அவர் பக்கம். யஸீதின் உமையா குலத்து மர்வான்கூட அவரிடம் பைஅத் செய்யக் கிளம்பவிருந்தார் என்று சொல்வதுண்டு. அப்படிப் பார்த்தால், அந்த ஆண்டில் 'போட்டிக் கலீஃபா' யார் என்பதே கேள்விதான்.

முற்றுகையில் கஅபா தீப்பற்றி எரிந்திருந்தது. அதை அடித்தளம்வரை இடித்துக் கட்டினார் இப்னு ஸுபைர். ஆயிஷா சொன்ன ஹதீஸை ஆதாரமாகக் கொண்டு, வெளியே விடுபட்டிருந்த ஹத்தீம் பகுதியை உள்ளே சேர்த்தார். தரைமட்டத்தில் இரண்டு வாசல்கள் வைத்தார். வெடித்திருந்த ஹஜருல் அஸ்வத் எனும் கருப்புக் கல்லை வெள்ளியால் கட்டினார். இன்னொரு தடமும் உண்டு. 'முஹம்மது அல்லாஹ்வின் தூதர்' என்று பொறித்த, இன்று கிடைக்கும் மிகப் பழைய நாணயங்கள் ஈரானின் பிஷாபூரில் அவருடைய ஆளுநர் அச்சிட்டவை, ஹிஜ்ரி 66.

ஆனால் கை இறுக்கமான மனிதர்; கடைசி முற்றுகையில் அது வெளிப்பட்டது. 691-ல் உமையாக்களுடனான போரில் தம்பி முஸ்அப் கொல்லப்பட்டு இராக் கைநழுவியது. மறு ஆண்டு உமையாத் தளபதி ஹஜ்ஜாஜ், அபூகுபைஸ் மலையில் கவண்பொறிகளை நிறுத்தி மக்கா மீது கல்மாரி பொழிந்தார். நகரில் ஒரு கோழி பத்து திர்ஹம் விற்றது. இப்னு ஸுபைரின் களஞ்சியத்திலோ கோதுமையும் பேரீச்சம்பழமும் நிறைந்திருக்க, அளந்து அளந்துதான் கொடுத்தார் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். ஆயிரக்கணக்கானோர் எதிரியிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் அவருடைய இரண்டு மகன்களும் இருந்தனர்.

சரணடையலாமா என்று பார்வையிழந்த முதிய தாய் அஸ்மாவிடம் கேட்கப் போனார். நியாயம் உன் பக்கம் இருப்பதாக நம்பினால் போரிடு என்று அனுப்பினார் தாய். போரில் விழுந்த மகனின் உடலை ஹஜ்ஜாஜ் கழுமரத்தில் தொங்கவிட்டார்.

பிறகு கஅபாவிலும் கைவைத்தார் ஹஜ்ஜாஜ். ஹத்தீமை மீண்டும் வெளியே விட்டு, மேற்கு வாசலை அடைத்து, கிழக்கு வாசலை உயர்த்தினார். பின்னாளில் ஓர் அப்பாஸிய கலீஃபா, இப்னு ஸுபைரின் அமைப்புக்கே திரும்பலாமா என்று இமாம் மாலிக்கிடம் கேட்டாராம். ஆளுக்கு ஆள் இடித்துக் கட்டினால் இறையில்லம் மன்னர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும் என்று இமாம் தடுத்துவிட்டார்.